மார்கழி மாதத்துக் கல்யாண மண்டபம்

மார்கழியில் கல்யாண மண்டப முதலாளிக்கு இரக்கம் சுரப்பது ரொம்ப வசதி. அந்த மாதம் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். மண்டபம் எப்படியும் சும்மாதான் கிடக்கும். அந்த மார்கழியில் சிற்றாறு பெருகி எங்கள் தெருவுக்குள் புகுந்து, என் வீட்டின் பின்சுவரைச் சாய்த்துவிட்டுப் போனபோது, தெருக்காரர்களை எல்லாம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். மண்டபத்து முதலாளி வாசலில் நின்று எங்களைக் கும்பிட்டு வரவேற்றார். பன்னீர் தெளிக்காததுதான் குறை. அவர் கும்பிடுவதை இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள்.

நான் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். ஆளைப் பார்த்ததும் அளவு சொல்லிவிடுவேன். முதலாளி அண்ணாச்சியின் தாராள மனசுக்கு அளவெடுக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாடியிலிருந்த ஏ.சி. ஹாலுக்குப் பூட்டு. மணமேடைக்குக் குறுக்கே கயிறு. மணமகன் அறைக்குப் பூட்டு. மணமகள் அறைக்குப் பூட்டு. அந்த அறைகளோடு சேர்ந்த குளியலறைகளும் அதனாலேயே பூட்டுக்குள் போய்விட்டன. எங்களுக்கு என்று திறந்துவிட்டது பந்தி ஹால். கார்த்திகையில் கடைசியாகச் சாப்பிட்டவர்களின் சாம்பார் வாசனை அதில் இன்னும் இருந்தது. சுவர் ஓரமாகக் கை கழுவும் தொட்டிகள். அவற்றுக்குக் கீழே ஈரம். ஈரம் இல்லாத இடத்தில் குடும்பத்துக்கு ஒரு பாய்.

என் மகள் அப்போது நிறைமாதக்காரி. ராயகிரியில் கட்டிக்கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு முறைப்படி எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். கூட்டி வந்தபின் வீடுதான் இல்லாமல் போயிற்று. மண்டபத்துக்கு வந்த அதே வாரம் அவளுக்கு வலி எடுத்தது. பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அங்கேயே குடியிருக்க முடியுமா? பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு பந்தி ஹாலுக்கே திரும்பி வந்தோம்.

பிள்ளை பெற்றவளுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பாவாடை கட்டத் தெரிந்த பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வெந்நீர் வேண்டும். பூண்டுக் குழம்பு வேண்டும். காலை நீட்டிப் படுக்க ஒரு அறை வேண்டும், அதற்கு ஒரு கதவு வேண்டும். எங்களுக்கு வந்ததோ லெமன் சாதம். காலையில் லெமன் சாதம் ஒரு சங்கம் கொடுக்கும். மத்தியானம் லெமன் சாதம் ஒரு கட்சி கொடுக்கும். ராத்திரி வேறு யாராவது, பார்த்துக் கொஞ்சம் மாற்றிக் கொடுப்போமே என்று, தக்காளி சாதம் கொடுப்பார்கள். துணி மூட்டை மூட்டையாக வந்தது. பிரித்துப் பார்த்தேன். கொக்கி இல்லாத ரவிக்கை, பேன்ட் இல்லாத சுடிதார் டாப்ஸ், யாரோ மாப்பிள்ளை ரிசப்ஷனுக்குப் போட்ட கோட்டு. வெள்ளத்தில் வீடு போனவன் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கே போவான்? வீட்டு அலமாரியைக் காலி செய்ய நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எங்கள் வெள்ளம் கைகொடுத்தது, அவ்வளவுதான்.

பாய் கொடுக்க வந்த நாளில் மட்டும் மணமேடைக் கயிற்றை அவிழ்த்தார்கள். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் முதலாளி அண்ணாச்சி உட்கார்ந்தார். மற்றதில் ஊர்ப் பிரமுகர் ஒருவர். நாங்கள் வரிசையாக மேடை ஏறி, ஆளுக்கொரு பாயை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு நின்று இறங்கினோம். மொய் எழுதாமல் இறங்கியதுதான் வித்தியாசம்.

என் மகள் அதிகம் பேசாதவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிள்ளைக்குப் பசித்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். முகாமைப் பார்க்க வருகிறவர்கள் நேராக அவளிடம்தான் வருவார்கள். ‘வெள்ளத்துல பிறந்த பிள்ளை இதுதானா?’ என்று குனிந்து பார்ப்பார்கள். செருப்போடு பாயில் ஏறி நின்று பார்ப்பார்கள். நான் இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டி, பழைய சேலைகளைத் தைத்து ஒரு மறைப்புத் தொங்கவிட்டேன். மறுநாளே மேனேஜர் வந்து அவிழ்த்துப் போட்டார்.

“அக்கா, தூண்ல பெயிண்டு போயிரும். அதுபோக, போட்டோவுல ஹாலு அடைஞ்சு கெடக்க மாரி தெரியுதுன்னு அண்ணாச்சி சொல்லுதாவ.”

“ஹாலு அடைஞ்சுதானய்யா கெடக்கு,” என்றேன்.

அவர் சேலைகளை மடித்து என் கையில் கொடுத்தார். மடிக்கவும் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது ராயகிரியிலிருந்து சம்பந்தியம்மாள் பேத்தியைப் பார்க்க வந்தாள். என் மகளுடைய மாமியார். நல்ல மனுஷிதான், முட்டிவலிக்காரி. பாயில் உட்கார முடியாமல் கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிப் பார்த்தாள். பக்கத்துப் பாயில் ஒருவர் சட்டையில்லாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப் பாயில் சீட்டுக் கச்சேரி.

“மதினி, நான் சொல்லுதேன்னு தப்பா எடுக்காதீங்க. பச்ச உடம்புக்காரி இந்தச் சந்தைக் கடையில எப்படிக் கெடப்பா? ஒரு கதவு போட்ட ரூமா இருந்தா நான் வாயே தொறக்க மாட்டேன். ஞாயித்துக்கிழம காரு கொண்டாறோம். நாங்க கூட்டிட்டுப் போறோம்.”

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்கு எரிந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்த மகளை முப்பது நாள் கழியுமுன்னே அனுப்பிவைத்தால், ‘தாய்வீட்டில் வைத்துப் பார்க்க வக்கில்லை’ என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். அதுகூடப் போகட்டும். சம்பந்தியம்மாள் போனபிறகு என் மகள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

“அம்மா, அங்கன போனா ஒரு வாரத்துல நான் அடுப்படில நிக்கணும். அத்தைக்கு நிக்க முடியாது. வீட்டுல அத்தன பேரு. அவியளையும் கொற சொல்ல முடியாது. என்னைய அனுப்பாதம்மா.”

அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. அன்றைக்குக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு கதவு வேண்டும்.

முதலில் வாடகைக்கு வீடு தேடினேன். ‘டு லெட்’ தொங்கிய வீடுகளில் எல்லாம் ஏறி இறங்கினேன். எல்லாரும் எங்கள் கதையைக் கேட்டு உச்சுக் கொட்டினார்கள். ஒரு வீட்டுக்காரர் காப்பிகூடக் கொடுத்தார். ஆனால் எல்லாருக்கும் ஒரே பதில்.

“மார்கழியில எப்படிம்மா பால் காய்ச்சுவிய? குடிபோகக் கூடாத மாசம்லா. தை பொறக்கட்டும், மொத வீடு ஒங்களுக்குத்தான்.”

“வெள்ளம் மட்டும் மார்கழில வரலாமா அண்ணாச்சி?”

“அது இயற்கை. அத நாம என்ன செய்ய முடியும்?”

மார்கழியில் கல்யாணம் கூடாது, அதனால் எங்களுக்கு மண்டபம் கிடைத்தது. மார்கழியில் குடிபோகக் கூடாது, அதனால் எங்களுக்கு வீடு கிடைக்கவில்லை. நாள் நட்சத்திரம் பார்க்காத ஒரே ஆள் சிற்றாறுதான்.

என் வீட்டுக்காரர் வடகரையிலிருந்து தேங்காய் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எதற்கும் ‘விடு, பாத்துக்கிடலாம்’ என்கிற மனிதர். அவர் பார்த்துக்கொள்வதற்குள் பேத்திக்கே கல்யாண வயது வந்துவிடும். அவரையும் ஆட்டோவையும் கிளப்பிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன். குற்றாலத்தில் மனிதர்களைவிட அறைகள் அதிகம். சாரல் மாதங்களில் ஒரு கட்டில் கிடைக்காது. மற்ற நாட்களில் தெருத்தெருவாக லாட்ஜும் காட்டேஜும் ஈரம் காய்ந்துகொண்டு நிற்கும். மார்கழியில் மாலை போட்ட ஐயப்ப சாமிமார் வருவார்கள். ஆனால் அந்த முறை வெள்ளத்தால் அருவியில் குளிக்கத் தடை. கடைவீதியில் சிப்ஸ் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காட்டேஜில் ஏறினேன். மேசைக்குப் பின்னால் பலகை நிறையச் சாவி. ஒன்றுகூட வெளியே போகவில்லை. மேசையில் இருந்தவர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, மாலை போட்டிருந்த தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டார்.

“சாமிமாரு தங்குத எடம்க்கா. பிள்ள பெத்தவள வைக்க முடியாது. தீட்டாயிரும்.”

“எத்தன சாமி தங்கியிருக்காவ?”

“இப்ப யாரும் இல்ல. அருவில குளிக்க விடலைல்லா.”

“அப்ப யாருக்குத் தீட்டு?”

“வருவாவல்லா,” என்றார்.

வராத சாமிக்கு ஒரு கட்டடமே காத்துக்கொண்டிருந்தது. அடுத்த காட்டேஜிலும் இதே பேச்சு. அதற்கடுத்ததில், பிள்ளை பெற்றவள் என்று சொல்லாமல் குடும்பம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். “மண்டபத்துல இருக்கவங்களா? வந்தா போகமாட்டியளே,” என்றான் அங்கிருந்தவன். வீட்டை இழந்தவர்களுக்கு வீட்டை விட்டுப் போகாத வியாதி இருக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னார்களோ. என் வீட்டுக்காரர் ‘விடு’ என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவரோடு பேசவில்லை.

கடைசியாக முதலாளி அண்ணாச்சியிடமே போனேன். அவர் முகாமுக்கு வைத்த புது பேனருக்கு முன்னால் நின்று, தன் முகம் சுருக்கமில்லாமல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, தை பொறக்க வரைக்கும் அந்த மணமகள் ரூம் சும்மாதான கெடக்கு. எம் மவளுக்குத் தொறந்து விடுங்க. சுத்தமா வச்சிருந்து தாரோம்.”

“அது ராசியான ரூம் தங்கச்சி. கல்யாணப் பொண்ணு உக்காருத எடம். அங்கன பிள்ள பெத்த தீட்டு பட்டுதுன்னு வெளிய தெரிஞ்சா தைல எவன் புக் பண்ணுவான்?”

“கல்யாணப் பொண்ணு பொறவு பிள்ள பெறாம என்ன செய்யப் போறா அண்ணாச்சி?”

“நல்லா பேசுதிய,” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, மேனேஜரைக் கூப்பிட்டு என் மகளுக்கு ஒரு பாய் அதிகமாகக் கொடுக்கச் சொன்னார்.

அந்தப் பாயைச் சுருட்டி அவர் தலையில் போட வேண்டும் போலிருந்தது. வாங்கிக்கொண்டுதான் வந்தேன். தரை ஈரமாக இருந்ததே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

“அக்கா, நாளைக்குப் பிரமுகர் திரும்ப வாறாரு. வெள்ளத்துல பொறந்த பிள்ளயப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. டிவிக்காரங்களும் வாறாங்க. பந்தி ஹால்ல வச்சா நல்லாருக்காது. மணமகள் ரூமத் தொறந்து தாரோம். தங்கச்சிக்கு நல்ல சேலையா கட்டி, பிள்ளையோட கட்டில்ல உக்கார வச்சிருங்க.”

“பொறவு?”

“பொறவு என்ன? அவரு போனதும் வழக்கம் போலத்தான்.”

அதாவது, தீட்டு போட்டோவுக்கு ஒட்டாது. காமிரா அணைந்தபிறகுதான் ஒட்டும். நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்கப் போனேன். என் மகள் என் கையைப் பிடித்தாள். “சரின்னு சொல்லும்மா,” என்றாள். இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று அவள்மேலும் எரிச்சல் வந்தது. அவ்வளவு நாளும் ஊரில் ஒருவரையும் நான் திட்டாமல் மிச்சம் வைக்கவில்லை. அவள் மட்டும் பாக்கி இருந்தாள்.

சனிக்கிழமை காலையில் பூட்டைத் திறந்தார்கள். கட்டிலில் புது விரிப்பு. சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி. அதன் ஓரமெல்லாம் எத்தனையோ கல்யாணப் பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். குளியலறையில் ஹீட்டர். என் மகள் அதை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கட்டிலில் பிள்ளையோடு உட்கார்ந்தாள். முதலாளி அண்ணாச்சி வாசலில் நின்று, தலையணையை இப்படி வை, திரைச்சீலையை அப்படி இழு என்று ஏவிக்கொண்டிருந்தார். வெளியே கார்ச் சத்தம் கேட்டதும் எல்லாரும் வரவேற்க ஓடினார்கள். நானும் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வெளியே வந்தேன்.

எனக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்தாற்போல் உள்தாழ்ப்பாள் விழும் சத்தம்.

பிரமுகர் மாலையோடு வந்துவிட்டார். பின்னால் காமிரா. முதலாளி அண்ணாச்சி கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. இன்னொரு தரம் தள்ளினார். பிறகு, அவருடைய கட்டடத்தில், அவருடைய அறைக் கதவில், விரலை மடக்கி மெதுவாகத் தட்டினார்.

“யாரு?” என்று உள்ளேயிருந்து என் மகள் கேட்டாள்.

“நான்தாம்மா. ஐயா வந்திருக்காவ.”

“பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கேன். அப்புறம் வாங்க.”

அவள் குரல் அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. பெற்றவள் நான், இத்தனை வருஷம் அதைக் கேட்டதில்லை. அண்ணாச்சியின் முகம் வெளிறிவிட்டது. காமிராவுக்கு முன்னால் பால் கொடுக்கிறவளின் கதவை உடைக்கவா முடியும்? பிரமுகர் அவரைத் திரும்பிப் பார்த்தார். இதற்குமேல் நான் சும்மா இருந்தால் எனக்கு வாய் எதற்கு? கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனேன்.

“ஐயா, எங்க அண்ணாச்சி மாரி மனுசன் யாரு இருக்கா? தீட்டுகூடப் பாக்காம, பச்ச உடம்புக்காரின்னு மணமகள் ரூமையே குடுத்துட்டாவ. முப்பது கழியுத வரைக்கும் இங்கனதான் இருக்கணும்னு கண்டிசனா சொல்லிட்டாவ.”

கூட்டத்தில் எங்கள் தெருப் பெண்கள் கை தட்டினார்கள். பிரமுகருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாலையை அண்ணாச்சியின் கழுத்தில் போட்டு, சாத்திய கதவுக்கு முன்னால் அவரைத் தழுவிக்கொண்டு நின்றார். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். “இது என் கடமை,” என்றார் அண்ணாச்சி. சொல்லும்போது என்னைப் பார்த்த பார்வையில் மிளகாய் வறுக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் மேனேஜர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். புகழ்ச்சி விழுந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் விழட்டும் என்றோ என்னவோ, மணமகன் அறையையும் திறந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் எழுந்து நடக்க முடியாத ஒரு பெரியவர் அங்கே போனார். என் மகள் காலையில் மண்டபத்துப் பெண்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, ஹீட்டர் தண்ணீரில் குளிக்கவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாள் காரோடு வந்தாள். நேராகப் பந்தி ஹாலுக்குப் போய் மருமகளைக் காணாமல் திகைத்தாள். அறையைக் காட்டினேன். தட்டினாள். யாரென்று கேட்டு, என் மகள் திறந்தாள். மாமியார் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். முட்டியை நீவிக்கொண்டு குளியலறை வரைக்கும் பார்த்தாள். பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

வெளியே வந்து, “நான் முப்பது கழிச்சே வாறேன் மதினி,” என்றாள். கார் வெறுமனே திரும்பிப் போயிற்று.

நான் மண்டபத்துச் சமையல்கட்டில் ஒரு அடுப்பைக் கேட்டு வாங்கி, பூண்டுக் குழம்பு வைத்து, சூடாகச் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கை இரண்டிலும் தட்டு. வீட்டில் செய்வதுபோலத் தோளால் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“யாரு?” என்றாள்.

“அம்மா.”

“செத்த இரும்மா, சேல மாத்துதேன்.”

அத்தனை நாள் அவள் எங்கே மாற்றினாள், எப்படி மாற்றினாள் என்று நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. என் மகள் இப்போதுதான் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று தோன்றியது. யாரையும் திட்டத் தோன்றவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் திறக்கும்வரை வெளியே நின்றேன்.